பல்புக்குக் கீழே இருக்கும் நாற்று மட்டும் ஏன் நெட்டையாகிறது?

கந்தப்பளை_வாசி

எல்லோருக்கும் வணக்கம். சின்னப் பொலித்தீன் கூடாரம் ஒன்றுக்குள் தக்காளியும் பெல் பெப்பரும் நாற்றுப் போட்டிருக்கிறேன். தை மாசிக் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே, விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அதனால் உள்ளே கொஞ்சம் சூடு நிற்கட்டும் என்று பழைய மஞ்சள் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, பின்னேரம் போட்டால் விடியும்வரை எரியவிடுகிறேன். இப்போது பிரச்சினை என்னவென்றால், பல்புக்கு நேர் கீழே இருக்கும் ட்ரேகளில்தான் நாற்று மெலிந்து நெட்டையாகிச் சாய்கிறது. கதவோரம், பல்பு வெளிச்சம் சரியாகப் படாத இடத்தில் இருப்பவை கட்டையாக, தண்டு தடித்து நிற்கின்றன. வெளிச்சம் போதாவிட்டால்தான் நாற்று நீளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே தலைகீழாக இருக்கிறது. பக்கத்துக் காணி அண்ணன் யூரியா கூடிவிட்டது என்கிறார். கடைக்காரர் ஊதா நிற எல்ஈடி வாங்கிப் போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

ஊவாக்காற்று

சூடு. அவ்வளவுதான். பல்புக்குக் கீழே சூடு கூட, அதனால் வேகமாக வளர்ந்து மெலிகிறது. இதற்கு ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. எங்கள் அப்பா காலத்தில் பல்பும் இல்லை, கூடாரமும் இல்லை, வாழைமட்டை வெட்டி மூடி வைத்தார்கள், நாற்று நன்றாகத்தான் வந்தது.

பேராதனை_மரநிழல்

ஊவாக்காற்று அண்ணன் சொன்னதில் பாதி சரி, சூட்டுக்கும் பங்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்தப் பல்பின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

நாற்று வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அதில் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கிறது. முக்கியமாக இரண்டு நிறங்களை ஒப்பிடுகிறது: ஒன்று சாதாரணச் சிவப்பு, அலைநீளம் சுமார் 660 நானோமீற்றர். மற்றது அதற்கு அப்பால் இருக்கும் தூரச்சிவப்பு, சுமார் 730. இந்த இரண்டாவது நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. இலைக்குள் பைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இருக்கிறது. சிவப்பு பட்டால் அது இயங்கும் நிலைக்கு மாறும், தூரச்சிவப்பு பட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இயங்கும் நிலையில் நிறைய இருந்தால் “வெளியில் நிற்கிறேன், அவசரப்பட்டு உயர வேண்டியதில்லை” என்று செடி எடுத்துக்கொள்ளும். குறைந்துபோனால் “யாரோ எனக்கு மேலே நிற்கிறார்கள்” என்று எடுத்துக்கொண்டு தண்டை நீட்டும்.

ஏன் அப்படி? பச்சை இலை சிவப்பை உறிஞ்சிவிடும், தூரச்சிவப்பை ஊடுருவவும் தெறிக்கவும் விட்டுவிடும். வெட்ட வெளியில் பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாக, சிவப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். அடர்ந்த செடிகளுக்கு அடியில் சிவப்பு தூரச்சிவப்பின் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆக, இந்த விகிதத்தைப் படித்தாலே பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்று செடிக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது உங்கள் குண்டு பல்பு. கம்பி சூடாகி எரிகிற பல்பில் வெளிவருவதில் பெரும்பகுதி சூடு, மிச்சமிருக்கும் வெளிச்சத்திலும் சிவப்பைவிடத் தூரச்சிவப்புதான் கூட. அதாவது பகலெல்லாம் நல்ல வெயில் பட்ட நாற்றுக்கு, பொழுது சாய்ந்ததும் “உன்மேல் இலை மூடிவிட்டது” என்ற செய்தியை இரவு முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது நீளாமல் என்ன செய்யும்?

லயன்_கோழி

கண் இல்லாத செடி கண்ணுக்குத் தெரியாத நிறத்தைப் பார்க்கிறதாம். நான் கண்ணாடி போட்டும் பக்கத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிவதில்லை.

கந்தப்பளை_வாசி

மரநிழல் தம்பி, ஒரு சந்தேகம். பல்பு வெளிச்சம் பகல் வெயிலோடு பார்த்தால் ஒன்றுமே இல்லையே. அவ்வளவு கொஞ்ச வெளிச்சத்துக்குமா செடி இப்படி ஆடும்?

பேராதனை_மரநிழல்

ஆடும் அண்ணே. உணவு தயாரிக்க வெளிச்சம் நிறைய வேண்டும், செய்தி படிக்கக் கொஞ்சம் போதும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் உச்சிவெயில் ஒரு லட்சம் வரை போகும். உங்கள் 60 வாட் பல்பு அரை மீற்றர் தூரத்தில் சில நூறு லக்ஸ்தான் தரும், அதை வைத்து நாற்று ஒன்றும் சமைக்க முடியாது. ஆனால் பைட்டோகுரோமைத் திருப்பிவிட அது தாராளம், அதுவும் மணிக்கணக்கில் எரிந்தால். பொழுது சாயும் நேரத்தில் கொஞ்ச நேரம் தூரச்சிவப்பு காட்டினாலே பல செடிகளின் தண்டு நீளும் என்பது பரிசோதனைக்கூடங்களில் பழைய செய்தி.

சூடு விடயத்துக்கு வருகிறேன். 2016இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டினார்கள்: பைட்டோகுரோம் பி என்ற வகை வெளிச்சத்தை மட்டுமல்ல, வெப்பத்தையும் உணர்கிறது. இரவில் அது தானாகவே இயங்கும் நிலையிலிருந்து மெல்ல இறங்கும். சூடு கூடக்கூட அந்த இறக்கம் வேகமாகும். குளிர் இரவில் கட்டையாக நிற்கும் நாற்று சூடான இரவில் நீள்வதற்கு அது ஒரு காரணம். ஆக ஊவாக்காற்று அண்ணனின் சூடும் என்னுடைய தூரச்சிவப்பும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. கந்தப்பளை அண்ணன் ஒரே பல்பில் இரண்டையும் கொடுத்திருக்கிறார்.

ஊவாக்காற்று

அப்படியானால் நான் சொன்னதுதானே!

தவறணை_அக்கா

முளைப்பாரியை யாரும் நினைக்கவில்லையா? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நவதானியத்தை விதைத்து இருட்டறையில் மூடி வைப்பார்களே, திருவிழா அன்று எடுத்தால் உயரமாக, மஞ்சளாக, மெல்லியதாக இருக்கும். வெயிலில் விதைத்த அதே பயறு அந்த வயதில் அதில் பாதி உயரம் கூட வராது, ஆனால் பச்சையாக, இலை விரிந்து நிற்கும். எங்கள் அம்மாயி வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை, உயரம் வராது என்று அவருக்குத் தெரியும். அறையில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தால் கூட ஓலைத் துண்டை வைத்து அடைத்துவிடுவார்.

இதை உங்கள் பாஷையில் சொன்னால் என்ன, மரநிழல்?

பேராதனை_மரநிழல்

அக்கா, பாடத்தில் சொல்வதைவிட நல்ல உதாரணம் அது.

மண்ணுக்குள் இருக்கும் முளைக்கு ஒரே வேலைதான்: விதையில் இருக்கும் சாப்பாடு தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். அதனால் இருட்டில் இலையை விரிக்காது, பச்சையத்தில் செலவு செய்யாது, எல்லாவற்றையும் தண்டு நீட்டுவதிலேயே போடும். போஞ்சி முளையைப் பார்த்தால் நுனி கொக்கி போல் வளைந்திருக்கும், மண்ணில் உரசி மொட்டு நசுங்காமல் இருக்க அந்த வளைவு. வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிரும், விதையிலை விரியும், தண்டின் ஓட்டம் நிற்கும், பச்சை ஏறும். பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் கடைசிப் படிகளில் ஒன்றுக்கு வெளிச்சம் நேரடியாகவே வேண்டும், அதனால்தான் முளைப்பாரி மஞ்சளாகவே நிற்கிறது.

உள்ளே நடப்பது என்னவென்றால், “பச்சையாகு, விரி” என்று மரபணுக்களைத் தூண்டும் ஒரு புரதம் இருக்கிறது. இருட்டில் இன்னொரு புரதம் அதை உருவாக உருவாக அழிப்பதற்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் வந்தால் அந்தக் காட்டிக்கொடுக்கும் வேலை நிற்கிறது. அவ்வளவுதான். அம்மாயி ஓலை வைத்து அடைத்தது சரியே, முளைக்கு எட்டும் அந்தக் கீற்று போதும், அது மிகவும் மங்கலான வெளிச்சத்தையும் உணரும். அந்த மங்கல் வெளிச்சத்துக்கென்றே பைட்டோகுரோம் ஏ என்ற வகை இருட்டில் நிறையச் சேர்ந்து கிடக்கிறது.

அட்டன்_டீச்சர்

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மரநிழல் சிவப்பைப் பற்றியே பேசுகிறார், வளைவது பற்றி யாரும் பேசவில்லை. ஜன்னலோரம் வைத்த நாற்று ஜன்னல் பக்கம் சாய்வது வேறு கதை, அதை நடத்துவது நீலம்.

சார்ள்ஸ் டார்வினும் மகன் ஃபிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது: புல் முளையின் நுனிக்கு வெளிச்சம் புகாத தொப்பி போட்டால் வளையவில்லை, நுனியை விட்டுவிட்டு அடிப்பகுதியை மூடினால் வளைந்தது. நுனிதான் பார்க்கிறது, வளைவது கீழே, அப்படியானால் நடுவில் ஏதோ இறங்கி வர வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். கோப்பன்ஹேகனில் பாய்சன் ஜென்சன் நுனிக்குக் கீழே ஒரு பக்கத்தில் மட்டும், எதையும் கசியவிடாத மைக்காத் தகட்டைச் செருகி அந்த ஏதோ ஒன்று நிழல் பக்கமாகத்தான் இறங்குகிறது என்று காட்டினார். நெதர்லாந்தில் வென்ட் 1920களில் வெட்டிய நுனிகளை ஏகார் என்ற ஜெலித் துண்டில் வைத்து, பிறகு அந்தத் துண்டை மட்டும் தலையில்லாத முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார், இருட்டிலேயே வளைந்தது. நுனியிலிருந்து இறங்கிய அந்த வளர்ச்சி ஹோர்மோன்தான் ஒட்சின். நிழல் பக்கம் ஒட்சின் கூடுகிறது, அந்தப் பக்கம் கூட நீள்கிறது, செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது. நீலத்தை உணரும் புரதம் போட்டோட்ரோபின், அதன் மரபணு 1997இல்தான் பிடிபட்டது. டார்வினிலிருந்து அங்கே வர ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

வகுப்பில் செய்யக்கூடியது ஒன்று: அட்டைப் பெட்டி, ஒரு பக்கத் துளையில் சிவப்பு எல்ஈடி, எதிர்ப்பக்கத் துளையில் நீல எல்ஈடி, நடுவில் முளைத்த பயறு. நீலப் பக்கமாகச் சாயும். பிள்ளைகள் சிவப்பு பிரகாசமாகத் தெரிவதால் அந்தப் பக்கம் என்று பந்தயம் கட்டுவார்கள். கலர்க் கண்ணாடித் தாள் சுற்றிச் செய்ய வேண்டாம், அந்தத் தாள்கள் பல நிறங்களையும் கசியவிடும், தூரச்சிவப்பை அநேகமாக எல்லாமே விட்டுவிடும், முடிவு குழப்பமாக வரும்.

லயன்_கோழி

டீச்சர், தூரச்சிவப்புக்கு டீவி ரிமோட்டை அமுக்கிப் பிடித்தால் சரிவருமா?

அட்டன்_டீச்சர்

வராது. ரிமோட் விடுவது 940 நானோமீற்றர் அளவில், இரவில் பார்க்கும் கெமராக்களின் விளக்கு பெரும்பாலும் 850. இரண்டையுமே பைட்டோகுரோம் கவனிக்காது. 730 வேண்டும்.

வெலிமடை_கிழங்கு

எங்கள் பக்கத்தில் விதைக்கிழங்கு வைப்பதும் இதே விடயம்தான் என்று இப்போது விளங்குகிறது. இருட்டு ஸ்டோரில் குவித்தால் முளை வெள்ளையாக நீண்டு ஒன்றோடொன்று சிக்கி, நடும்போது ஒடிந்துபோகும். தட்டுத் தட்டாகப் பரப்பி, நேர் வெயில் படாமல் பரவலாக வெளிச்சம் வரும் கொட்டிலில் வைத்தால் முளை கட்டையாக, பச்சையோ ஊதாவோ ஏறி, உறுதியாக நிற்கும். சர்வதேச உருளைக்கிழங்கு மையம் பல நாடுகளில் பரப்பிய முறை இது, குளிரூட்டி தேவையில்லாதது. வெளிச்சம் பட்டு பச்சையான கிழங்கை ஆனால் சமைக்காதீர்கள், சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடும், அந்தக் கிழங்கு நடுவதற்கு மட்டும்.

என் கேள்வி வேறு. நிழல் வலை பச்சை நல்லதா கறுப்பு நல்லதா? கடையில் பச்சைதான் நிறைய இருக்கிறது.

பேராதனை_மரநிழல்

நாற்றுக்கு என்றால் கறுப்பு. அது எல்லா நிறங்களையும் கிட்டத்தட்டச் சமமாகக் குறைக்கும், அதாவது வெறும் மப்பு மூட்டமான வானம். பச்சை வலை சிவப்பை ஓரளவு விழுங்கிவிட்டுத் தூரச்சிவப்பைக் கூடவே விடும், அதாவது இலை நிழல் போலக் காட்டும். பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம், வலையின் தரத்தைப் பொறுத்தது, ஆனால் தேர்வு கையில் இருக்கும்போது ஏன் செடிக்குப் பொய் சொல்ல வேண்டும்.

வலையைவிட முக்கியமானது நெருக்கம். அர்ஜென்டினாவில் பல்லாரே என்பவரும் சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்டது இது: பக்கத்துச் செடி நிழல் விழுத்துவதற்கு முன்பே, அதன் இலையிலிருந்து பக்கவாட்டில் தெறிக்கும் தூரச்சிவப்பை உணர்ந்து நாற்று நீளத் தொடங்கிவிடுகிறது. நல்ல வெயிலில், யாரும் யாரையும் மறைக்காத போதே. ட்ரேயில் ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்று விதை போட்டுக் களையாமல் விட்டால், இலை இலையைத் தொடும் வரை ட்ரேகளை ஒட்டி வைத்தால், போஞ்சிப் பந்தலுக்குப் பக்கத்தில் நாற்று மேடை போட்டால், எல்லாம் இதே கதைதான். “தண்ணீர் கூடிவிட்டது, உரம் கூடிவிட்டது” என்று நாம் திட்டுகிற பல நாற்றுகள் உண்மையில் கூட்டத்தில் நிற்கிற நாற்றுகள்.

தவறணை_அக்கா

ஆனால் எல்லாச் செடியும் அப்படி இல்லை. தேயிலைத் தவறணையில், அதாவது நாற்றுமேடையில், வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் வீபி கன்றுக்கு ஆரம்பத்தில் நல்ல நிழல் கொடுத்துத்தான் வைப்போம். அது நிழலில் பிறந்து பழகிய சாதி, நிழல் பட்டவுடன் தக்காளி மாதிரி ஓடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிழலைக் கழற்றி வெயிலுக்குப் பழக்குவோம். ஒரேயடியாகத் திறந்தால் இலை கருகிவிடும். முன்பு பன்னத் தழையை (காட்டுப் பெரணி) குத்தி நிழல் கட்டினோம், அது காய்ந்து உதிர உதிரத் தானாகவே வெளிச்சம் கூடும். இப்போது வலை, அது உதிராது, மேற்பார்வை ஐயா மறந்தால் மறந்ததுதான்.

கந்தப்பளை_வாசி

அக்கா சொன்ன கருகலும் எனக்கு உண்டு. கூடாரத்திலிருந்து எடுத்து வெளியில் நட்ட நாற்று இரண்டாம் நாளே வெளுத்துப்போகிறது, குளிராக இருக்கும் நாளில் கூட.

பேராதனை_மரநிழல்

வெயிலில் இருக்கும் யுவி, அதாவது புற ஊதாக் கதிர் அண்ணே. கூடாரத்துக்கென்று விற்கிற பொலித்தீன் பலவும் அதில் யுவி-பி என்ற வகையைப் பெருமளவு தடுத்துவிடும். யுவி-பி-யை உணர்வதற்கு என்றே செடியில் ஒரு புரதம் உண்டு, யுவிஆர்8 என்று பெயர், அது எப்படி உணர்கிறது என்பது 2011இல் தெளிவானது. அந்தக் கதிர் பட்டால்தான் இலையின் மேல்தோலில் வெயில் தடுக்கும் பொருட்களைச் செடி சேர்க்கத் தொடங்கும். கூடாரத்துக்குள் அது படவே இல்லை, ஆகவே தடுப்பும் இல்லை. அதோடு ஆயிரம் மீற்றர் ஏறினால் யுவி ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. குளிராக இருப்பதால் வெயில் மெல்லியது என்று நாம் நினைக்கிறோம், தோல் உரிந்த சுற்றுலாப் பயணிகளைக் கேளுங்கள். காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று வெளியே வைத்துப் பழக்கி, அப்புறம் நடுங்கள்.

பண்டாரவளை_ட்ரேடர்

யாரும் எல்ஈடி பக்கம் வரவில்லை. நாங்கள் விற்பது சிவப்பும் நீலமும் கலந்தது, அதனால்தான் ஊதாவாகத் தெரியும். செடிக்குத் தேவை அந்த இரண்டும்தானே, நீங்களே சொன்னீர்கள்.

அட்டன்_டீச்சர்

ஊதா வெளிச்சம் வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தான் வேலை செய்யும் என்பது வியாபாரம். வீட்டுக்குப் போடும் வெள்ளை எல்ஈடியே அடிப்படையில் ஒரு நீல எல்ஈடிக்கு மேல் பூச்சுப் போட்டதுதான், நீலம் நன்றாக இருக்கும், சிவப்பும் இருக்கும், தூரச்சிவப்பு மிகக் குறைவு. நாற்றைக் கட்டையாக வைக்க அது போதும். நீலத்தைப் பார்த்துத் தண்டை அடக்குவது கிரிப்டோகுரோம் என்ற வேறு புரதம். ஊதா வெளிச்சத்தில் நோய் வந்த இலையும் நல்ல இலையும் ஒரே மாதிரித் தெரியும், அது இன்னொரு தொல்லை.

விலை பார்ப்பவர்களுக்கு: 20 வாட் வெள்ளை எல்ஈடி ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தால் 0.28 யூனிட். மாதத்துக்கு எட்டரை யூனிட் கூட வராது. ஒரு ட்ரேக்கு மேல், இலைக்குச் சுடாத தூரத்தில் ஆனால் நன்றாகத் தாழ்த்தி. கூரையில் மாட்டினால் வீண்.

ஆனால் கந்தப்பளையில் பகல் வெயில் உள்ள கூடாரத்துக்கு எந்த விளக்கும் தேவையில்லை என்பது என் கருத்து. நமக்குப் பகல் நீளம் ஆண்டு முழுக்க ஒரு மணி நேரம் கூட மாறுவதில்லை. நாள்கணக்கில் மூடுபனி நிற்கிற இடத்தில், அல்லது அறைக்குள் நாற்றுப் போடுகிறவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம்.

கந்தப்பளை_வாசி

சரி, பல்பைக் கழற்றிவிடுகிறேன். குளிருக்கு என்ன செய்வது?

வெலிமடை_கிழங்கு

கூடாரத்துக்குள் ட்ரேகளுக்கு மேல் இன்னொரு பொலித்தீனைத் தாழ்வாக வளைத்துப் போடுங்கள், இரட்டைப் போர்வை. கறுப்புக் கேன்களில் தண்ணீர் நிரப்பி ட்ரேக்கு இடையில் வைத்தால் பகல் சூட்டைப் பிடித்து இரவில் விடும். கரண்டில்தான் வேண்டும் என்றால் கோழிக்குஞ்சுக்கு வைக்கும் பீங்கான் சூடாக்கி இருக்கிறது, சூடு தரும், வெளிச்சம் தராது. விடிந்ததும் மேல் போர்வையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்து அழுகும்.

இராகலை_சலாது

இடையில் ஒரு கேள்வி. சலாது (லெட்டஸ்) விதை ட்ரேயில் பாதிதான் முளைக்கிறது. தும்புச்சோற்றுக்குள் நன்றாக ஆழமாக அமுக்கித்தான் போடுகிறேன்.

பேராதனை_மரநிழல்

அமுக்குவதுதான் காரணமாக இருக்கும். சலாதுவில் பல வகைகளின் விதை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், செல்டரியும் அப்படித்தான். பைட்டோகுரோமைக் கண்டுபிடித்ததே சலாது விதையில்தான்: அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஈர விதைக்குச் சிவப்பு, தூரச்சிவப்பு, மறுபடி சிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள், 1952இல் வெளியானது. எத்தனை தடவை மாற்றினாலும் கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் முளைத்தது, தூரச்சிவப்பு என்றால் பெரும்பாலும் தூங்கியது. மேலே தூவி, லேசாகத் தட்டி, தெளித்து ஈரமாக வையுங்கள், மூட வேண்டாம். பழைய விதையும், கடும் சூட்டில் கிடந்த விதையும் வேறு காரணத்தால் முளைக்காமல் போகும், அதையும் பாருங்கள். தக்காளி, கோவா, லீக்ஸ் எல்லாம் மண்ணுக்குள் இருட்டில் முளைக்கும், அவற்றுக்குப் பயமில்லை.

ஊவாக்காற்று

அப்படியானால் களை விதைக்கும் வெளிச்சம் வேண்டும்தானே? நாம் கொத்திப் புரட்டும்போது அதற்கு வெளிச்சம் காட்டிவிடுகிறோமா?

பேராதனை_மரநிழல்

அதேதான் அண்ணே. மண்ணுக்குள் கிடந்த பல களை விதைகளுக்கு, புரட்டும்போது படுகிற நொடிப்பொழுது வெளிச்சமே போதும். ஜெர்மனியில் இரவில் உழுது பார்த்திருக்கிறார்கள், களை குறைந்தது. வேறு இடங்களில் செய்தபோது சில களைகளுக்குச் சரிவந்தது, சிலவற்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் எல்லாக் களைக்கும் வெளிச்சம் தேவையில்லை.

ஊவாக்காற்று

நல்லது. இன்றைக்கு இரவே ஆரம்பிக்கட்டுமா?

தவறணை_அக்கா

எங்கள் பக்கம் வராதீர்கள். பொழுது சாய்ந்தால் பன்றியும் சிறுத்தையும் இறங்குகிற சரிவு, கையில் டோர்ச் இல்லாமல் யாரும் கால் வைக்க மாட்டோம், டோர்ச் அடித்தால் களையும் முளைத்துவிடும்.